இரண்டு பேரை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்

1951ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டம் ஆடி முடித்திருந்தது. ஒன்பதிலும் வெற்றி. ஒன்றுகூடச் சமனில் முடியவில்லை. அப்படி ஆடிய ஓர் அணிக்குப் புத்தாண்டு தினத்தில் நடக்கும் பெரிய போட்டிகளிலிருந்து அழைப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழைப்பு வரவில்லை. நிபந்தனைதான் வந்தது. அணியில் இருந்த இரண்டு கறுப்பின மாணவர்களை விட்டுவிட்டு வந்தால் ஆடலாம் என்பதே அந்த நிபந்தனை.

அந்த இருவரின் பெயர் ஆலி மேட்சன், பர்ல் டோலர். அவர்களை விட்டுவிட்டுப் போக அந்த அணி சம்மதிக்கவில்லை. பெரிய போட்டி போனது. கொஞ்ச நாளில் அணியே கலைந்தது. எழுபது ஆண்டு தாண்டியும் அந்தக் கதையை அமெரிக்காவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டிய கதை அது.

சிறிய கல்லூரி, பெரிய ஆட்டம்

முதலில் ஒரு விளக்கம். இது நாம் ஆடுகிற கால்பந்து அல்ல. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். பந்து இரண்டு முனையும் கூராக, நீள்வட்டமாக இருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டுதான் ஓட வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். எதிரணி ஆட்கள் மேலே விழுந்து மடக்குவார்கள், பிடித்துச் சாய்ப்பார்கள். அதையெல்லாம் தாண்டி நூறு கெஜ மைதானத்தின் அடுத்த எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி. கபடியில் பாடிப் போகிறவன் எத்தனை கைக்குத் தப்பி வர வேண்டுமோ, அதுபோல ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பலமும் மனதில் துணிவும் இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் சேசு சபைத் துறவிகள் 1855இல் தொடங்கியது. பெயர்தான் பல்கலைக்கழகம், அளவில் சிறிய கல்லூரி. பக்கத்திலேயே பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு என்று பணமும் புகழும் உள்ள பெரிய நிறுவனங்கள். இவர்களிடம் பணமும் இல்லை, பெரிய மைதானமும் இல்லை. நகரத்துக்குச் சொந்தமான கேசார் மைதானத்தில் ஆடினார்கள்.

பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கடுமையான ஆள். அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் ஜீனோ மார்ச்செட்டி இரண்டாம் உலகப் போரில் களம் கண்டு திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர் ஆறடிக்கு மேல் வளர்ந்த மலைபோன்ற மனிதர். எட் பிரவுன் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பீட் ரோசெல் என்ற இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடியும் வருவார்.

முப்பதுக்கும் மேற்பட்ட அந்த அணியில் கறுப்பினத்தவர் இருவர் மட்டும். மேட்சன் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். டோலர் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்தவர். இரண்டும் தென்பகுதி. அடிமை முறை ஒழிந்து பல பத்தாண்டு ஆன பிறகும் பள்ளி, பேருந்து, உணவகம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று சட்டம் போட்டு வைத்திருந்த பகுதி அது. தனித்தனியாக வைத்தாலும் சமமாக நடத்தினால் தவறில்லை என்று 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருந்தது. சமமாக ஒருநாளும் நடத்தவில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கொடுமையிலிருந்து தப்பிக்க லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கேயும் மேற்கேயும் இடம்பெயர்ந்தன. ஊரில் நிமிர முடியாமல் நகரத்துக்குப் பிழைக்கப்போன நம் பெரியவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த ஒன்பது ஆட்டங்கள்

மேட்சனின் ஓட்டம்தான் அந்தப் பருவத்தின் பேச்சு. அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளிலேயே பந்தை ஏந்தி அதிகத் தூரம் ஓடியவர் அவர்தான். மொத்தம் 1,566 கெஜம். 21 முறை எல்லைக் கோட்டைத் தாண்டினார். டோலர் தடுப்பாட்டத்தில் சுவர். எதிரணியிலிருந்து யார் பந்தோடு வந்தாலும் அவரைத் தாண்டிப் போவது சுலபமல்ல.

நியூயார்க் போய் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு ஆடியதுதான் கடினமான ஆட்டம். 32க்கு 26 என்று வென்றார்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மேட்சன் ஓடினார். ஒருமுறை அல்ல, அதே ஆட்டத்தில் இரண்டு முறை. கிழக்குக் கரைப் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சிறிய கல்லூரியின் பெயரை அன்றைக்குத்தான் சரியாக எழுதக் கற்றார்கள் என்று சொல்லலாம்.

நவம்பர் நடுவில் காலேஜ் ஆஃப் தி பசிபிக் அணியை 47க்கு 14 என்று தோற்கடித்தார்கள். புத்தாண்டுப் போட்டிக்கு யாரை அழைக்கலாம் என்று எல்லோரும் கண் வைத்திருந்த நேரம் அது. கடைசி ஆட்டத்தில் லயோலா கல்லூரியை 20க்கு 2 என்று வென்று பருவத்தை முடித்தார்கள். நாட்டின் சிறந்த அணிகளின் பட்டியலில் அசோசியேட்டட் பிரஸ் அவர்களுக்கு 14ஆம் இடம் கொடுத்தது.

இரண்டு பேர் இல்லாமல் வந்தால்

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பருவம் முடிந்ததும் சில சிறப்புப் போட்டிகள் நடக்கும். ஆரஞ்சு பௌல், சுகர் பௌல், கேட்டர் பௌல் என்று பெயர். மூன்றும் தென்பகுதியில் நடப்பவை. அங்கே ஆட அழைத்தால் கௌரவம் மட்டுமல்ல, கல்லூரிக்குப் பணமும் கிடைக்கும். நஷ்டத்தில் தடுமாறிக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்தப் பணம் உயிர்த்தண்ணீர்.

அந்த நேரத்தில்தான் மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்ற சேதி வந்தது. அணி மறுத்தது. அதற்காகக் கூட்டம் போட்டு ஓட்டெடுக்கவில்லை என்று அணியில் இருந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஓட்டெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். போனால் எல்லோரும், இல்லாவிட்டால் யாரும் இல்லை. 1952 புத்தாண்டு தினத்தில் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும் ஆடின. சான் பிரான்சிஸ்கோ வீட்டில் இருந்தது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறத்துக்காகத்தான் அழைக்கவில்லை என்று யாரும் அழைப்பிதழில் அச்சடித்துக் கொடுக்கவில்லை. இந்த அணி பலமான எதிரிகளோடு ஆடவில்லை, அதனால்தான் அழைக்கவில்லை என்று ஒரு காரணம் வெளியே சொல்லப்பட்டது. அந்த ஆண்டின் ஆட்டப் பட்டியலில் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் இல்லை என்பது உண்மைதான். ஒரே கல்லூரியோடு இரண்டு முறையும், ராணுவ முகாம் அணிகளோடும் ஆடினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பலவீனமான அணி என்றால், இரண்டு பேரை எடுத்துவிட்டால் மட்டும் அது எப்படிப் பலமாகும்? அந்த இருவரும்தானே அணியின் பலம்? ஒதுக்குகிறவர்களிடம் எப்போதும் இரண்டு காரணம் இருக்கும். ஒன்று வெளியே சொல்வதற்கு, மற்றொன்று உள்ளே வைத்துக்கொள்வதற்கு. வெளியே சொல்கிற காரணத்துக்குத் தகுதி என்று பெயர் வைத்துக்கொள்வார்கள்.

தகுதிக்குக் காலம் பதில் சொன்னது. அந்த ஒரே அணியிலிருந்து ஒன்பது பேர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். மேட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் ஆகிய மூவர் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தார்கள்.

அதே பருவத்தில் இன்னொரு மைதானம்

இது தனிச் சம்பவமல்ல. அதே 1951 அக்டோபர் 20ஆம் தேதி ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகரில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டை எதிரணியின் வெள்ளை வீரர் தாக்கித் தாடையை உடைத்தார். அடி விழுந்தபோது பிரைட்டின் கையில் பந்தே இல்லை. ஒரு பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் அதை வரிசையாகப் படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படங்களுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அடித்தவர்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அதைக் கண்டித்து டிரேக் தன் போட்டிக் கூட்டமைப்பிலிருந்தே வெளியேறியது. அடித்தவரின் கல்லூரி வருத்தம் தெரிவித்தது 2005இல். பிரைட் 1983இலேயே இறந்துவிட்டார்.

அதற்கு முன்பு பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் இருந்தது. தென்பகுதி அணியோடு ஆடும்போது வடக்கத்திக் கல்லூரிகள் தங்கள் கறுப்பின மாணவர்களை வெளியே உட்கார வைத்துவிடும். இதற்குக் கனவான்களின் ஒப்பந்தம் என்று பெயர். ஒரு மாணவனை அவமதிப்பதற்குக் கனவான் என்ற சொல்! 1940இல் நியூயார்க் பல்கலைக்கழகம் லெனர்ட் பேட்ஸ் என்ற மாணவரை மிசூரிக்கு அழைத்துப் போக மறுத்தபோது, சக மாணவர்கள் போராடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1941இல் ஏழு மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஏழு பேரையும் அழைத்து அதே பல்கலைக்கழகம் கௌரவித்தது 2001இல்.

எல்லா இடத்திலும் தோல்வி என்றும் இல்லை. 1948 புத்தாண்டு தினத்தில் டெக்சாஸின் டாலஸ் நகரில் நடந்த காட்டன் பௌலில் பென் ஸ்டேட் அணிக்காக வாலி டிரிப்ளெட், டென்னி ஹோகார்ட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் ஆடினார்கள். எல்லோரும் அல்லது யாரும் இல்லை என்று அந்த அணியும் உறுதியாக நின்றதன் பலன் அது. 1956இல் பாபி கிரியர் சுகர் பௌலில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அவர் ஆடக்கூடாது என்று ஜார்ஜியா மாநில ஆளுநரே எதிர்த்தார். ஆளுநரைக் கண்டித்துத் தெருவுக்கு வந்தவர்கள் எதிரணிக் கல்லூரியான ஜார்ஜியா டெக்கின் வெள்ளை மாணவர்கள்.

யாருடைய கதை இது?

இந்தக் கதையைச் சொல்லும்போது அமெரிக்காவிலும் ஒரு சறுக்கல் நடப்பதுண்டு. இரண்டு பேருக்காகப் போட்டியைத் துறந்த நல்லவர்களின் கதையாக அது ஆகிவிடுகிறது. துறந்தவர்கள் நல்லவர்கள்தான், மறுக்க வேண்டியதில்லை. அவர்களில் பலருக்கு அது வாழ்க்கையில் ஒரே வாய்ப்பு. 1951 பருவத்தோடு கல்லூரி ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. நஷ்டம் தாங்கவில்லை. அந்தப் பணம் வந்திருந்தால் அணி பிழைத்திருக்கலாம். அப்படிப்பட்ட விலை கொடுத்தார்கள்.

ஆனால் மேட்சனும் டோலரும் யாருடைய பெருந்தன்மைக்கும் காத்திருந்தவர்கள் அல்ல. தாங்கள் யாரென்று அவர்களே காட்டினார்கள்.

மேட்சன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி. பிறகு தொழில்முறை ஃபுட்பால். 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி அவர் ஒருவரைப் பெறுவதற்கு ஒன்பது பேருக்கான இடத்தை விட்டுக்கொடுத்தது. அந்த அணியின் மேலாளராக அப்போது இருந்தவர் யார் தெரியுமா? கல்லூரியில் செய்தி எழுதிக்கொடுத்த அதே பீட் ரோசெல்.

டோலரின் பாதை வேறு. 1952 ஆகஸ்டில் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் உடைந்தது. தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போனது. அவர் ஆசிரியரானார். சான் பிரான்சிஸ்கோவின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் பொறுப்புக்கு உயர்ந்தார். 1965இல் தொழில்முறை ஃபுட்பாலின் முதல் கறுப்பின நடுவரானார். அப்போது அந்த லீகின் தலைவராக இருந்தவரும் ரோசெல்தான். 25 பருவம் நடுவராக இருந்த டோலர், 1980இல் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியிலும் நின்றார். மைதானத்துக்குள் வராதே என்று சொல்லப்பட்ட மனிதர், அதே ஆட்டத்தில் எது சரி எது தவறு என்று தீர்ப்புச் சொல்கிற இடத்துக்கு வந்தார். வார நாட்களில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மைதானம் என்று வாழ்ந்தார். 2009இல் காலமானார். மேட்சன் 2011இல்.

2006இல் பல்கலைக்கழகம் அந்த அணியினருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 2017இல் நடந்தது. அங்கே ஒரு மாணவர் விடுதிக்கு ஜேம்ஸ் ஃபெலன் என்பவரின் பெயர் இருந்தது. அந்த நகரத்தின் மேயராகவும் பின்பு செனட்டராகவும் இருந்தவர். கலிஃபோர்னியாவை வெள்ளையர் மாநிலமாகவே வைத்திருப்போம் என்று சொல்லித் தேர்தலில் ஓட்டுக் கேட்டவர். அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். எடுத்தார்கள். அதற்குப் பதில் வைத்த பெயர் பர்ல் டோலர்.

நம் பக்கம்

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாதவையும் அல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல் அம்பேத்கர், கறுப்பின மக்களின் பெரும் அறிஞரான டுபாய்ஸுக்கு 1946இல் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டார். டுபாய்ஸ் பதில் எழுதினார். இரண்டு பக்கத்து வலியும் அன்றைக்கே அறிமுகமாகிவிட்டது.

விளையாட்டிலும் நமக்கு முன்னோடி உண்டு. பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்து, இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளராக உயர்ந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்று நூறுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். பூனாவில் அவரும் மற்றவர்களும் ஒரே பந்தைத் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளையில் தேநீர். இரட்டைக் குவளையைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த மண் குவளையின் சூடு தெரியும். அவ்வளவு ஆடியும் அவருக்கு அணியின் தலைமையைக் கொடுக்கவில்லை. 1920இல் பம்பாய்ப் போட்டியில் பாலு ஒதுக்கப்பட்டபோது, அணியிலிருந்து விலகி எதிர்ப்புக் காட்டியவர்கள் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும். அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. 1923இல் விட்டல் அணித் தலைவரானார்.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் விலகியவர்கள் ஒதுக்கப்பட்டவர்களின் சொந்தங்கள் அல்ல, சக ஆட்டக்காரர்கள். பம்பாயில் விலகியது உடன்பிறந்தவர்கள். நமக்காக நாமே விலகுவதும் போராடுவதும் நமக்குப் புதிதல்ல, காலங்காலமாகச் செய்துவருகிறோம். நம்மோடு ஆடுகிறவர்கள், நம்மோடு படிக்கிறவர்கள், நம்மோடு வேலை பார்க்கிறவர்கள் எப்போது விலகுவார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற கல்லூரி மாணவர்களில் எல்லாச் சாதியினரும் இருப்பீர்கள். கபடி அணிக்கு ஆள் சேர்க்கும்போது, திருவிழாப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, விடுதியில் அறை பிரிக்கும்போது, நண்பனின் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டமாகக் கிளம்பும்போது, இந்த நிபந்தனை ஏதோ ஒரு வடிவத்தில் உங்கள் காதுக்கு வரும். சட்டத்துக்குப் பயந்து யாரும் அதை உரக்கச் சொல்ல மாட்டார்கள். நீ வாப்பா, அந்தத் தெருப் பையன் மட்டும் வேண்டாம், ஊரில் பிரச்சினை வரும் என்று தணிந்த குரலில், உங்கள் நன்மைக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். மேட்சனோடு ஆடியவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. அவர்களுக்கும் உங்கள் வயதுதான். அவர்கள் கூட்டம் போட்டு யோசிக்கவில்லை.